டி 55.2 என்று எழுதுங்கள்

மருத்துவமனையின் மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவினருக்கு,

வணக்கம். என் மகளின் ஃபைல் உங்களிடம்தான் இருக்கிறது. பைருவேட் கைனேஸ் குறைபாடு என்று ஹெமட்டாலஜி (ரத்தநோய்) டாக்டர் முழுப் பெயரையும் எழுதியிருக்கிறார். ரத்தச் சிவப்பணுக்கள் சீக்கிரமே உடைந்துபோகிற பரம்பரை நோய் அது. மரபணு ரிப்போர்ட்டும் உள்ளேயே இருக்கிறது. இருந்தும் போன மாத டிஸ்சார்ஜ் சம்மரியில் நோய்க்கான எண்ணாக டி 50.9 போட்டிருக்கிறீர்கள். அது இரும்புச்சத்துக் குறைவால் வரும் ரத்தசோகைக்கான எண்.

அந்தத் தாளைப் பார்த்துத்தான் எங்கள் ஊர் டாக்டர் அயர்ன் டானிக் எழுதினார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். நான் ஊரில் இல்லாத பத்து நாளும் என் மாமியார் வேளை தவறாமல், பிள்ளை முகம் சுளிக்கச் சுளிக்க, வாயில் சர்க்கரை போட்டுக் கொடுத்திருக்கிறார். ஐந்து வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றுகிற பிள்ளை. ரத்தமே ஏற்றாவிட்டாலும் இந்த நோயில் இரும்பு தேங்கும். உடம்பில் சேர்ந்திருக்கும் இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவு 1,400-ஐத் தாண்டி நிற்கிறது. அந்த இரும்பை வெளியேற்றத்தான் தினமும் காலையில் மாத்திரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கிறோம். காலையில் இறைத்ததை ராத்திரி ஊற்றியிருக்கிறோம்.

இன்சூரன்ஸ்காரர்களோ, "இரும்புச்சத்துக் குறைவுக்கு அட்மிஷன் எதற்கு?" என்று க்ளெய்மைத் திருப்பிவிட்டார்கள்.

உங்கள் கவுன்டரில் கேட்டேன். "சிஸ்டத்துல அனீமியான்னு அடிச்சா முதல்ல அதுதாம்மா வருது" என்றார் ஒரு தம்பி. கொஞ்சம் கீழே இறங்கிப் பார்த்தால் டி 55.2 இருக்கிறது. நோய்களுக்கு எண் கொடுக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10 பட்டியலில் எங்கள் நோய்க்கு உரிய இடம் அது. அமெரிக்காவில் 2021 அக்டோபரில் இதற்கென்றே டி 55.21 என்று தனி எண் பிரித்துவிட்டார்கள். நான் அவ்வளவு தூரம் ஆசைப்படவில்லை. டி 55.2 போதும்.

பில்லில் மட்டும் பஞ்சுக்கும் கிளவுஸுக்கும் எண் பிசகுவதே இல்லை!

2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் தலசீமியா, ஹீமோபிலியா, சிக்கிள் செல் என்ற மூன்று ரத்த நோய்களும் இருக்கின்றன, எங்களுடையது இல்லை. இதையும் சேர்க்கச் சொல்லி மனு கொடுக்கப் போனால் எத்தனை பேர் என்று கேட்பார்கள். என் பிள்ளையைப் போல டி 50-க்குள் போய்விட்டவர்களை யார் எண்ணுவது?

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். கேட்பது இதுதான்: சம்மரியைத் திருத்தி டி 55.2 என்று எழுதுங்கள். முதல் பக்கத்திலேயே 'இரும்பு கொடுக்கக் கூடாது' என்று ஒரு வரியும் சேர்த்துவிடுங்கள். அடுத்து ரத்தம் ஏற்ற 19-ம் தேதி வருகிறோம். அதற்குள் தயார் செய்து வைத்தால் பெரிய உதவி. டானிக் பாட்டிலையும் கொண்டுவருகிறேன். பாதிதான் மிச்சம்.

இப்படிக்கு,
வார்டில் உங்களுக்குப் பழகிய ஓர் அம்மா