கடல் வற்றும் நேரம் பார்த்துப் படம் எடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குறும்படம் எடுக்கும் நம் பிள்ளைகள் இடம் தேடி எங்கெங்கோ அலைகிறார்கள். சிலாங்கூர் மாநிலத்தின் கடலோர ஊரான கோலசிலாங்கூர் பக்கத்திலேயே இருக்கிறது. அங்குள்ள புக்கிட் மெலாவத்தி குன்றில் 1907-இல் கட்டிய கலங்கரை விளக்கமும் பழைய பீரங்கிகளும் உண்டு. சாப்பாட்டுப் பொட்டலத்தை மட்டும் வெளியே வைக்காதீர்கள், குரங்குகள் விடாது.

ஜெராம், ரெமிஸ் கடற்கரைகள் மேற்கு பார்த்தவை. சூரியன் மறைவதை நேராகப் பிடிக்கலாம். ஆனால் நீர் வற்றினால் வெறும் சேறுதான். டிரைபாடின் ஒரு கால் புதைந்து கேமராவோடு சாயும். அடியில் பலகை போடுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் வெகுதூரம் உள்வாங்கும். கடல் நீர் ஏறி இறங்கும் நேரம் ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போவதால், நேற்றைய நேரத்தை நம்பி இன்று போனால் ஏமாற்றமே. ஃபினாஸ் (தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம்) தரும் படப்பிடிப்புச் சான்றிதழையும் டிரோன் அனுமதியையும் முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள்.

வாசகர்,
பெஸ்தாரி ஜெயா