முடிச்சை மேசைக்காலில் போட்டது போதும்: கொங்கு நாட்டுச் சாரண ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் மாவட்டப் பள்ளிகளில் சாரணர் படைகளை நடத்திவரும் ஆசிரியப் பெருமக்களுக்கும் மாவட்ட ஆணையர்களுக்கும், கோபிசெட்டிப்பாளையம் வட்டாரத்தில் இருபத்தாறு ஆண்டுகள் சாரண ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் வணக்கத்துடன் எழுதுவது.

முகாமில் மூட்டும் பாடித்தீயைச் சுற்றி நாம் எல்லோரும் சொல்லும் கதை ஒன்று உண்டு. முதல் உலகப் போரில், 1916 மே 31 அன்று நடந்த ஜட்லாந்துக் கடற்போரில், 'செஸ்டர்' என்னும் பிரிட்டிஷ் போர்க்கப்பலின் பீரங்கியருகே தன்னுடன் இருந்தவர்கள் சாய்ந்த பிறகும், படுகாயத்துடன் ஆணைக்காகக் காத்து நின்ற 16 வயது ஜாக் கார்ன்வெல்லின் கதை. அவன் முன்னாள் சாரணன். இரண்டு நாளில் இறந்தான். பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா சிலுவை அவன் மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது. இதை நான் பலமுறை சொல்லியிருக்கிறேன், மாணவர்களின் கண் கலங்கும் இடம் தெரிந்து அங்கே நிறுத்தியும் இருக்கிறேன். அந்தப் பையனின் உறுதியைக் குறைத்து மதிப்பிட எனக்குத் தகுதியில்லை. ஆனால் அந்தக் கதையைக் கேட்டு எழுந்த எந்த மாணவனுக்கும், ஓர் உயிர் போய்க்கொண்டிருக்கும்போது கையால் என்ன செய்ய வேண்டும் என்பதை நான் சொல்லித் தரவில்லை.

அது எனக்கு உறைத்தது ஒரு வாய்க்கால் கரையில். தண்ணீரில் ஒரு சிறுவன் தத்தளித்தபோது, என்னிடம் முடிச்சுத் தேர்வில் தேறி சாரணர்களுக்கான மாநில விருதாகிய ராஜ்ய புரஸ்கார் பெற்ற மாணவன், கையில் நனைந்த கயிற்றுடன், ஆளை இழுக்க உதவும் இறுகாத வளையமான போலைன் முடிச்சு வராமல் விறைத்து நின்றான். பக்கத்துத் தோட்டத்துக்காரர் மோட்டார் இறக்கும் கயிற்றை வீசிச் சிறுவனை இழுத்துப் போட்டார். அந்த மாணவன்மீது ஒரு குற்றமும் இல்லை. அவனை மேசைக்காலில் முடிச்சுப் போட வைத்து மதிப்பெண் இட்டவன் நான்.

அதன் பிறகே போர்க்காலச் சாரணர்களின் வரலாற்றை வேறு கண்ணால் படித்தேன். இரண்டாம் உலகப் போரில், 1940 செப்டம்பர் 7 முதல் லண்டன்மீது தொடர்ந்து 57 இரவுகள் குண்டு விழுந்தது. தொலைபேசிக் கம்பிகள் அறுந்த இரவுகளில் காவல் நிலைகளுக்கும் தீயணைப்பு நிலையங்களுக்கும் இடையே மிதிவண்டியில் செய்தி கொண்டுபோனவர்களில் சாரணச் சிறுவர்களும் இருந்தனர். இடிபாடுகளால் அடைபட்ட தெருக்களில் தீயணைப்பு வண்டிகளுக்கு வழிகாட்டியும் அவர்கள் முன்னே சென்றார்கள். அந்த இரவுகளில் அவர்களுக்குக் கைகொடுத்தது துணிச்சல் மட்டுமன்று, தம் பேட்டையின் சந்து பொந்தெல்லாம் அறிந்திருந்ததும்தான்.

போலந்தின் தலைநகர் வார்சாவின் கதை இன்னும் ஆழமானது. ஜெர்மானிய ஆக்கிரமிப்பை எதிர்த்து 1944 ஆகஸ்டு 1 முதல் 63 நாள் நடந்த எழுச்சியில், 'சாம்பல் அணிகள்' என்ற பெயரில் மறைவாக இயங்கிய போலந்துச் சாரணர்கள் நகருக்குள் ஓர் அஞ்சல் சேவையையே நடத்தினார்கள். ஒரு கடிதத்துக்கு 25 சொல்லுக்கு மேல் கூடாது, கட்டணம் இல்லை. பிரிந்து கிடந்த குடும்பங்களுக்கு 'உயிரோடு இருக்கிறோம்' என்ற செய்தியைக் குண்டு மழைக்கு நடுவே கொண்டு சேர்த்தவர்கள் பெரும்பாலும் 12 முதல் 15 வயதுப் பிள்ளைகள். அந்த இயக்கத்தின் பெரியவர்கள் இந்த இளையோர் பிரிவைத் துணைப் பணிகளுக்காகவே பயிற்றுவித்து, போர்முனைச் சண்டையிலிருந்து விலக்கி வைக்க முயன்றார்கள். 'இன்று, நாளை, நாளை மறுநாள்' என்று தம் திட்டத்தை மூன்றாகப் பகுத்து, போர் முடிந்த நாட்டைக் கட்டப்போகிறவர்கள் இவர்கள் என்பதால் மறைவாகப் பாடமும் நடத்தினார்கள். ஆபத்து அந்தப் பிள்ளைகளை விட்டுவைக்கவில்லை என்பதும் உண்மை. ஆயினும் அவர்களைக் காக்க வேண்டியது தம் பொறுப்பு என்பதைப் பெரியவர்கள் மறக்கவில்லை.

பாகிஸ்தானுடன் பதற்றம் முற்றியிருந்த நேரத்தில், 2025 மே 7 அன்று 244 மாவட்டங்களில் குடிமைப் பாதுகாப்பு ஒத்திகைக்கு ஒன்றிய அரசு பணித்தபோது, 'எங்க பிள்ளைகளையும் போருக்குக் கூப்பிடுவீங்களா?' என்று பெற்றோர் சிலர் என்னிடமே கேட்டார்கள். அவர்கள் அஞ்சியதில் தவறில்லை. 18 வயது நிரம்பாதவர்களைக் கட்டாயமாகப் படையில் சேர்ப்பதைத் தடுக்கும் 2000-ஆம் ஆண்டின் ஐ.நா. நெறிமுறையை இந்தியாவும் ஏற்றிருக்கிறது. உயிர் காக்கும் பயிற்சி வேறு, படைப் பயிற்சி வேறு என்பதைப் பெற்றோரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டியவர்கள் நாம்.

நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. 1957 அக்டோபர் 2 அன்று தில்லி ராம்லீலா மைதானத்தில் நேரு அமர்ந்திருந்த பந்தல் தீப்பற்றியபோது, 14 வயதுச் சாரணன் ஹரிஷ் சந்திர மெஹ்ரா தீ மேலும் பரவாதபடி தன் கத்தியால் பந்தல் துணியை அறுத்தான். சிறுவர்களுக்கான தேசிய வீர விருது பிறந்ததே அதன் பிறகுதான். (இன்று ஒரு சாரணனின் இடுப்பில் கத்தி இருந்தால் நாமே பிடுங்கி வைத்துவிடுவோம்.)

நம் படைகள் இன்று பெரும்பாலும் செய்வது விருந்தினர் வரும் வழியில் ஸ்கார்ஃப் கட்டி வரிசையாக நிற்பது. கொங்கு நாட்டிலோ படியில்லாத ஆழ்கிணறுகளும், கைவிடப்பட்ட கல்குவாரிக் குட்டைகளும், சுமார் 200 கிலோமீட்டர் ஓடும் கீழ்பவானி வாய்க்காலும் இருக்கின்றன. ஒவ்வொரு படையும் தன் ஊரின் திறந்த கிணறுகளையும் குட்டைகளையும் வாய்க்கால் படித்துறைகளையும் ஒரு வரைபடத்தில் குறித்து ஊராட்சி அலுவலகத்தில் கொடுக்க வேண்டுகிறேன். முடிச்சுத் தேர்வை நனைந்த கயிற்றில், கரையில் நின்று, தண்ணீரில் மிதக்கும் குடத்துக்கு வீசி நடத்துங்கள். மாணவன் தண்ணீருக்குள் குதிக்கக் கூடாது என்பதையும், கரையிலிருந்தே கயிறோ கோலோ நீட்ட வேண்டும் என்பதையும் முதல் பாடமாக வையுங்கள். நெஞ்சழுத்த முதலுதவியை (சி.பி.ஆர்.) அரசு மருத்துவமனைச் செவிலியரைக் கொண்டு ஆண்டுக்கு இருமுறை செய்து காட்டச் சொல்லுங்கள்.

ஆகஸ்டு நடுவில் வாய்க்காலில் தண்ணீர் திறப்பது வழக்கம். அதற்கு முன் ஏதேனும் ஒரு படை இந்தப் பயிற்சியைத் தொடங்குமானால், என்னிடம் முப்பதடி நைலான் கயிறு இருக்கிறது. சனிக்கிழமைகளில் வந்து நிற்க நான் தயார்.