செயலாளரின் ஆண்டறிக்கை, 2024

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் பொதுச்சபைக்கு வந்திருக்கும் உறவுகளுக்கும் வணக்கம்.

நமது சங்கத்தின் யாப்பின்படி 2024ஆம் ஆண்டுக்கான அறிக்கையை முன்வைக்கிறேன். பொங்கலும் நவராத்திரியும் வழக்கம்போல நடந்தன. குறை என்று சொல்வதானால், விழா முடிந்ததும் கதிரை அடுக்க ஆள் கிடைப்பதில்லை. வரவு செலவைப் பொருளாளர் சொல்வார். இந்த அறிக்கையின் பெரும்பகுதி, சென்ற பொதுச்சபையில் நீங்கள் கேட்டுத் தொடங்கிய சனிக்கிழமைக் குடியுரிமை வகுப்பைப் பற்றியது.

பிரித்தானியக் குடியுரிமைக்கு எழுத வேண்டிய 'லைஃப் இன் த யூகே' சோதனைக்காகத்தான் வகுப்பைத் தொடங்கினோம். 24 கேள்விகள், 45 நிமிடம், சித்தியடைய 18 விடைகள் சரியாக இருக்க வேண்டும், கட்டணம் 50 பவுண்டு. எட்டாம் ஹென்றியின் ஆறு மனைவியரையும் நம்மவர்கள் வரிசை பிசகாமல் ஒப்புவிக்கிறார்கள். பாடமாக்குவதற்கு நமக்கு வகுப்பு வேண்டியதில்லை என்பது சித்திரைக்குள் தெரிந்துவிட்டது. வீட்டுக்கு வரும் அரசாங்கக் கடிதத்தைத் திறப்பதற்குத்தான் துணை தேவைப்பட்டது.

மூத்த உறுப்பினர் ஒருவர் பழுப்பு நிற உறை ஒன்றை மூன்று வாரம் சுவாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருந்துவிட்டு வகுப்புக்குக் கொண்டுவந்தார். உள்ளே 'நீதிமன்றம்' என்ற சொல் கண்ணில் பட்டதும் மேலே வாசிக்கவில்லையாம். "நான் என்ன குற்றம் செய்தேன், தம்பி?" என்று கேட்டார். அது ஜூரிக் கடமைக்கான அழைப்பு, அதாவது வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழுவில் அமர்வதற்கானது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 18 முதல் 75 வயது வரையுள்ளவர்களை வாக்காளர் இடாப்பிலிருந்து குருட்டுச்சீட்டுப் போல எடுக்கிறார்கள். 13 வயதுக்குப் பிறகு ஐந்து ஆண்டுகளாவது இந்த நாட்டில் வாழ்ந்திருக்க வேண்டும். தகுந்த காரணமின்றிப் போகாமல் விட்டால் 1,000 பவுண்டு வரை அபராதம். வேலையோ பயணமோ குறுக்கிட்டால் தள்ளிவைக்கக் கேட்கலாம். ஆங்கிலம் பின்தொடர முடியாவிட்டால் அதை நீதிமன்றத்தில் சொல்லலாம்; அதில் வெட்கமில்லை.

அவர் போனார். பன்னிரண்டு பேரில் ஒருவராக அமர்ந்தார். அறைக்குள் என்ன பேசினார்கள் என்பதை வெளியே சொல்வது சட்டப்படி குற்றம் என்பதால் இன்றுவரை மூச்சு விடவில்லை. தன் வீட்டுக்காரர் ஒரு விடயத்தை இரகசியமாக வைத்திருப்பது திருமணத்துக்குப் பிறகு இதுதான் முதல் தடவை என்று அவருடைய மனைவி வியந்தார்.

அந்த மூன்று வாரத்தை நினைத்து நான் சிரிக்கவில்லை. நாம் விட்டுவந்த இடத்தில் நீதிமன்றக் கடிதத்துக்கும் இரவில் கேட்கும் கதவுத் தட்டலுக்கும் வேறு பொருள் இருந்தது. ஆனால் அந்தப் பயத்தால் நம்மவர்கள் இங்கே இழப்பது அதிகம். குடியுரிமை வழங்கத் தீர்மானித்ததாக உள்துறை அமைச்சிலிருந்து அறிவிப்பு வந்தால் பொதுவாக மூன்று மாதத்துக்குள், உறுதிமொழி எடுக்கும் வைபவத்துக்குப் போய்விட வேண்டும். 1,500 பவுண்டுக்கு மேல் கட்டிப் பெற்ற அனுமதியை மின்னஞ்சல் பெட்டிக்குள் உறங்க விடாதீர்கள்.

வகுப்பில் பலரை வாயடைக்க வைத்தது வாக்குரிமைதான். குடியுரிமை கிடைத்த பிறகே வாக்கு என்று பத்து, பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். இலங்கையும் இந்தியாவும் பொதுநலவாய நாடுகள். அந்நாட்டுப் பிரசைகள் இங்கே தங்குவதற்கு அனுமதி பெற்று வாழ்ந்தால், பிரித்தானியக் கடவுச்சீட்டு கைக்கு வருவதற்கு முன்பே வாக்களிக்கலாம்; நிரந்தரமாகத் தங்கும் அனுமதி இருந்தால் வேட்பாளராகவும் நிற்கலாம். ஊரில் கிராம சேவகர் படிவத்தோடு படலையைத் தட்டுவார், அப்பா எல்லோருடைய பெயரையும் எழுதிக்கொடுப்பார். இங்கே 2014 முதல் அவரவரே பதிய வேண்டும். அப்பா எழுதியிருப்பார் என்று நம்பியிருந்த இளையவர்கள் சிலருடைய பெயர் இடாப்பில் இல்லாததைப் பார்த்தோம்.

இந்த ஆண்டு வாக்களிக்க இரண்டு வாய்ப்புகள் வந்தன. மே 2 அன்று லண்டன் மேயருக்கும் சட்டசபைக்குமாக மூன்று வாக்குச்சீட்டுகள். ஜூலை 4 அன்று பொதுத்தேர்தல். அதில் ஸ்ட்ராட்ஃபோர்ட் அண்ட் போ தொகுதியில் உமா குமரன் வென்று நாடாளுமன்றத்துக்குப் போன முதல் தமிழ்ப் பெண்ணானார். நமது சங்கம் எந்தக் கட்சியையும் சாராது. மகிழ்ச்சியைப் பதிவுசெய்வதை யாப்பு தடுக்கவில்லை என்று நினைக்கிறேன்.

படமுள்ள அடையாள அட்டை இல்லாமல் இப்போது வாக்குச்சீட்டு தர மாட்டார்கள். உறுப்பினர் ஒருவர் வேலைத்தல அட்டையோடு போய்த் திரும்பி வந்தார். இலங்கைக் கடவுச்சீட்டு செல்லும் என்று சொன்னோம். மாலையில் அதைக் கொண்டுபோய் வாக்களித்தார். இரவு பத்து மணி வரை சாவடி திறந்திருக்கும். பொருத்தமான அட்டை எதுவுமே இல்லாதவர்கள் வாக்காளர் சான்றிதழுக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம், அது இலவசம். விரலில் மை பூசவில்லையே என்று ஓர் அம்மா இன்னும் மனக்குறைப்படுகிறார்.

குடியுரிமை வைபவங்கள் சிலவற்றுக்கு உறவினரில்லாத உறுப்பினர்களோடு துணைக்குப் போனேன். இந்த வைபவம் பழைய வழக்கமல்ல. முதலாவது 2004 பெப்ரவரியில் லண்டனின் பிரென்ட் நகரமண்டபத்தில் நடந்தது. கடவுளின் பெயரால் சத்தியம் செய்யலாம், கடவுளைக் குறிப்பிடாமல் உறுதியும் கூறலாம். அதன்பின் எல்லோருக்கும் ஒரே உறுதிமொழி: இந்நாட்டின் உரிமைகளையும் சுதந்திரங்களையும் மதிப்பேன், ஜனநாயக விழுமியங்களைப் பேணுவேன், சட்டங்களைக் கைக்கொள்வேன், கடமைகளைச் செய்வேன். ஒரு நாள் என் பக்கத்தில் நின்றவர் இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியான மலையகத்தைச் சேர்ந்தவர். 1948ஆம் ஆண்டின் இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டம் அவருடைய தாத்தாவைப் பிறந்த மண்ணிலேயே நாடற்றவராக்கியது. சான்றிதழை வாங்கியதும் அதிலிருந்த பெயரின் எழுத்துகளை இருமுறை சரிபார்த்துவிட்டுத்தான் படம் எடுக்க நின்றார்.

ஜூலை இறுதியில் சவுத்போர்ட் நகரில் மூன்று சிறுமிகள் கொல்லப்பட்டதை அடுத்து, ஓகஸ்டில் பல நகரங்களில் குடியேறியவர்களுக்கு எதிரான கலவரம் மூண்டபோது ஒரு சனிக்கிழமை வகுப்பை ரத்துச் செய்தோம். அம்முடிவு எனக்கு உடன்பாடில்லை என்று செயற்குழுவில் சொன்னேன், இங்கும் பதிவுசெய்கிறேன். அதற்கு மூன்று நாள் முன்பு, 7ஆம் தேதி, லண்டனின் வால்தம்ஸ்டோவில் ஆயிரக்கணக்கானோர் இனவாதத்துக்கு எதிராகத் தெருவில் நின்றார்கள். நாம் மண்டபக் கதவைப் பூட்டிவிட்டோம்.

அடுத்த வாரம் விவாதம் சூடாக இருந்தது. மற்றவர்கள் நம்மைச் சகிக்க வேண்டும் என்பதில் எல்லோரும் ஒரே குரல். அப்போது ஒரு பெண் பிள்ளை எழுந்து, "2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் நமக்கும் பொருந்தும்தானே? புதிதாக ஒருவர் வந்தால் ஏன் முதலில் ஊரைக் கேட்கிறோம்?" என்றாள். பெரியவர்கள் சிலருக்கு இருமல் வந்தது. ஊர் கேட்பதில் பிழையில்லை. ஊருக்குள் எந்தப் பக்கம் என்று, சாதியை அறிவதற்காக அடுத்து வரும் கேள்வியைத்தான் அவள் சொன்னாள். சாதியைச் சட்டத்தில் வெளிப்படையாகச் சேர்ப்பதில்லை, வழக்குத் தீர்ப்புகளுக்கே விட்டுவிடலாம் என்று 2018இல் அரசு முடிவெடுத்தது. நமது உறுப்புரிமைப் படிவத்தில் 'சொந்த ஊர்' என்றொரு கட்டம் இருக்கிறது. அதை நீக்கும் தீர்மானத்தை இன்று முன்மொழிகிறேன். வாக்கெடுப்பு தேநீருக்கு முன்பு நடக்கும்.

வரும் ஆண்டில் வகுப்போடு ஒரு கடித மேசையும் போட எண்ணியிருக்கிறோம். சனிக்கிழமைகளில் ஒரு மணிநேரம் அமர்ந்து, உறைகளை உரியவர் முன்னிலையிலேயே பிரித்து வாசித்துச் சொல்ல இருவர் தேவை. சட்ட ஆலோசனை சொல்லக் கூடாது. அதற்குத் தகுதியுள்ளவர்களிடம் அனுப்ப வேண்டும். கேட்டதை வெளியே பேசாதவர்கள் மட்டும் பெயர் தாருங்கள்.

செயலாளர்