பூச்சு வேலைக்கு முன்னால் ஒரு கறுப்பு வயர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதிதாக வீடு கட்டுகிறவர்கள் பலர் விளக்கு, ஃபேன், கீசர் எல்லாவற்றையும் கைபேசியிலிருந்தே இயக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். அந்தப் பேச்சு பெரும்பாலும் பெயின்ட் அடித்து முடித்த பிறகுதான் வருகிறது. ஸ்மார்ட் சுவிட்சுக்கு வேண்டியதைச் சுவருக்குள் வைக்கும் காலம், காடி வெட்டி பைப் பதிக்கிற நாளோடு முடிந்துவிடுகிறது.

விளக்கு அணைந்திருந்தாலும் ஸ்மார்ட் சுவிட்சின் உள்ளே இருக்கும் வைஃபை பகுதி எந்நேரமும் வேலை செய்தாக வேண்டும். அதற்கு பேஸ் (கரண்ட் வரும் வயர்), நியூட்ரல் (கரண்ட் திரும்பும் வயர்) இரண்டும் தேவை. பிளக் பாயின்ட் உள்ள பெட்டிக்கு நியூட்ரல் எப்படியும் வந்திருக்கும். மாடிப்படியின் டூவே சுவிட்ச் பெட்டியைத் திறந்து பாருங்கள்: மூன்றே வயர்தான், மூன்றும் பேஸ் வழி. நியூட்ரல் கூரையிலுள்ள ஜங்ஷன் பாக்ஸிலிருந்தே விளக்குக்குப் போயிருக்கும். கட்டில் தலைமாட்டு சுவிட்சிலும் பெரும்பாலும் இதே கதைதான்.

நியூட்ரல் இல்லாமலே இயங்கும் மாட்யூல்களும் (சுவிட்ச் பெட்டிக்குள் வைக்கும் ஸ்மார்ட் கருவிகள்) கிடைக்கின்றன. அவை தமக்கு வேண்டிய சிறு மின்சாரத்தை பல்பு வழியாகவே இழுப்பதால், குறைந்த வாட் எல்.இ.டி. பல்பு அணைத்த பிறகும் மங்கலாக எரியும், அல்லது மினுக்கும். கூடவே தரும் கெபாசிட்டரை ஹோல்டரில் இணைத்தால் பெரும்பாலும் நிற்கும். ஆனால் இது ஒட்டுப்போடும் வேலை.

இதைவிட மோசமானது, நியூட்ரல் இல்லையென்று எர்த் வயரில் மாட்யூலைக் கொடுப்பது. பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே மீட்டர் வைத்தால் அங்கேயும் 230 வோல்ட் காட்டும், மாட்யூலும் ஓடும். ஒரு பெட்டியில் செய்தால் வெளியே தெரியாது. நாலைந்து பெட்டியில் செய்தால் கசிவு கூடி, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கசிவு கண்டால் கரண்டைத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச்) காரணமே புரியாமல் விழுந்துகொண்டிருக்கும். எங்காவது அந்த எர்த் வயர் அறுந்துவிட்டால், அதே வயரில் உள்ள ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் உடம்பெல்லாம் கரண்ட் ஏறும். தயவுசெய்து இதை யாரும் செய்யவிடாதீர்கள்.

இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் இன்னொரு கவனம் வேண்டும். பேஸ் இன்வெர்ட்டர் லைனிலும் நியூட்ரல் மெயின் லைனிலும் சேர்ந்துவிட்டால், போகிற கரண்டும் வருகிற கரண்டும் ஒன்றாக இராமல் ஆர்.சி.சி.பி. விழும். வீட்டுக்கெல்லாம் கரண்ட் பிரியும் டி.பி. பெட்டியிலேயே இரண்டு நியூட்ரலையும் தனித்தனி லிங்க்கில் (வயர்களைச் சேர்த்து முடுக்கும் பட்டை) கட்டி, பெயர் ஒட்டிவிட வேண்டும்.

ஆகவே ஒவ்வொரு சுவிட்ச் பெட்டிக்கும் 1.5 சதுர மி.மீ. கறுப்பு வயர் ஒன்று, அதாவது நியூட்ரல், கட்டாயம். ஆறு மாடுல் (ஒரு சுவிட்ச் பிடிக்கும் இடம் ஒரு மாடுல்) போதும் என்ற இடத்தில் எட்டு மாடுல் பெட்டி வையுங்கள். மாட்யூலுக்கு இடமும் கிடைக்கும், சூடும் உள்ளே தேங்காது. தளத்துக்குத் தளம் லேன் கேபிளுக்குத் தனியாக 25 மி.மீ. பைப் ஒன்று கொண்டுபோங்கள். கரண்ட் வயரோடு ஒரே பைப்பில் வேண்டாம். கம்பி கட்டிய கான்கிரீட் தளத்தைத் தாண்டி வைஃபை சரியாக ஏறாது.

2 கிலோவாட் கீசர் 8.7 ஆம்பியர் இழுக்கும். 10 ஆம்பியர் ரிலேயில் (மாட்யூலுக்குள் கரண்டைச் சேர்த்துப் பிரிக்கும் பகுதி) கொடுத்தால் நாளடைவில் அதன் காண்டாக்ட் (தொடுமுனை) கருகக்கூடும். 16 ஆம்பியருக்குக் குறையாமல் வாங்குங்கள். போர் மோட்டாரை ரிலேயில் நேரடியாகக் கொடுக்கவே கூடாது. ஓடத் தொடங்கும்போது அது பலமடங்கு கரண்ட் இழுப்பதால் காண்டாக்ட் ஒட்டிக்கொள்ளும். பிறகு கைபேசியில் ஆஃப் காட்டும், மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். மோட்டாரைக் காண்டாக்டர் என்ற பெரிய மின்சுவிட்ச் இயக்கட்டும், ரிலே அதன் காயிலை மட்டும் இயக்கட்டும். பி.எல்.டி.சி. ஃபேனை (வேகக் கட்டுப்பாடு உள்ளேயே அமைந்த ஃபேன்) ஸ்மார்ட் ரெகுலேட்டரில் மாட்டாதீர்கள். அதற்கு வெறும் ஆன், ஆஃப் போதும்.

மாட்டி முடித்ததும் பலர் பார்க்காமல் விடுவது, கரண்ட் போய்த் திரும்பினால் சுவிட்ச் எந்த நிலைக்கு வரும் என்ற அமைப்பு. தொழிற்சாலையிலிருந்து வரும்போதே சில மாட்யூல்கள் ஆனில் எழும்படி இருக்கும். ஆளில்லாத வீட்டில் மத்தியானம் கரண்ட் வந்ததும் கீசர் தானாக ஓடத் தொடங்கும். விளக்குக்குக் கடைசி நிலை, கீசர், மோட்டார், அயர்ன் பாயின்டுக்குக் கண்டிப்பாக ஆஃப் என்று வையுங்கள். கீசருக்கு இருபது நிமிட டைமரும் சேர்த்துவிடலாம். பழைய சுவர் சுவிட்சை மாட்யூலின் சுவிட்ச் முனையில் இணைத்தே ஆக வேண்டும். இணையம் நின்ற ராத்திரியில் வீட்டுப் பெரியவர்கள் இருட்டில் தடவக் கூடாது. 2022 அக்டோபரில் வெளிவந்த, பல கம்பெனிக் கருவிகளுக்கும் பொதுவான மேட்டர் தரத்தில் உள்ளவற்றைத் தேடி வாங்கினால், இணையம் இல்லாவிட்டாலும் வீட்டு ரூட்டர் வழியாகவே இயங்கும்.

"எல்லா சுவிட்ச் பெட்டிக்கும் நியூட்ரல்" என்ற ஒரு வரியைக் கான்ட்ராக்டரிடம் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். பூச்சுக்கு முந்தைய நாள், ஒவ்வொரு சுவரிலும் தரையிலிருந்து டேப்பை நிறுத்தி வைத்து, பைப் போகும் வழி தெரியும்படி படம் எடுத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் ஆணி அடிக்கவும் அந்தப் படம்தான் கைகொடுக்கும்.

இப்படிக்கு,
வீட்டு வயரிங் பணியாளர்கள்,
திருச்சி