சேற்றைக் கிளறும் முன் கரைசலைப் பாருங்கள்: சுரங்க அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

ஒன்றியச் சுரங்க அமைச்சகத்தில் இருப்பவர்களுக்கு வணக்கம்.

2023 ஆகஸ்டிலிருந்து, மின்னணுச் சில்லுகளுக்குத் தேவைப்படும் காலியம் என்ற உலோகத்தை ஏற்றுமதி செய்ய உரிமம் வேண்டும் என்று சீனா சொல்லிவிட்டது. உலகில் புதிதாக எடுக்கப்படும் காலியத்தில் ஏறக்குறைய எல்லாமே அங்கிருந்துதான் வருகிறது. நீங்களும் அதே ஆண்டு வெளியிட்ட 30 முக்கியக் கனிமங்களின் பட்டியலில் காலியத்தைச் சேர்த்தீர்கள். சரி, அப்புறம்?

காலியத்துக்கென்று தனிச் சுரங்கம் கிடையாது. அலுமினியத் தாதுவான பாக்சைட்டில் டன்னுக்கு 50 கிராம் இருந்தாலே நல்ல பங்கு. அந்தத் தாதுவிலிருந்து அலுமினா (அலுமினிய ஆக்சைடு) எடுக்கும் ஆலையில் பாக்சைட்டைச் சூடான காஸ்டிக் சோடாவில் கரைக்கும்போது காலியத்தின் பெரும்பகுதி அலுமினியத்தோடு சேர்ந்து கரைந்துவிடுகிறது, அலுமினா படிந்த பிறகும் அது கரைசலிலேயே தங்கிவிடுகிறது, அந்தக் கரைசலைத்தான் ஆலை மறுபடி மறுபடி சுற்றவிடுகிறது என்பதால் லிட்டருக்கு 100 மில்லிகிராமையும் தாண்டிச் சேர்ந்துகொண்டே போகிறது. எல்லோரும், பாக்சைட்டில் கரையாமல் கழிவாக ஒதுங்கும் சிவப்புச் சேற்றைப் பற்றியே பேசுகிறார்கள். அதில் போவது மிச்சம்தான், அதை எடுக்க அமிலம் ஊற்றினால் முதலில் கரைவது இரும்பும் அலுமினியமும்.

பிரிப்பதும் புதிய வித்தை இல்லை. முன்பு பாதரச மின்முனை வைத்து எடுத்தார்கள், அது நஞ்சு, திரும்ப வேண்டாம். இப்போது காலியத்தைப் பிடித்துக்கொள்ளும் ரெசின் (பிசின் மணிகள்) நிரப்பிய கலன் வழியே கரைசலை விடுகிறார்கள். தொல்லை இல்லாமல் இல்லை: வனேடியம் என்ற வேறொரு உலோகமும் கூடவே வந்து ஒட்டும், காஸ்டிக்கில் ரெசின் சீக்கிரம் கெடும். ஆனால் நம் ஊரிலேயே உத்தரப் பிரதேசத்தின் ரேணுகூட்டிலும் நம் மேட்டூரிலும் இருந்த அலுமினிய ஆலைகளில் ஒரு காலத்தில் காலியம் எடுத்தவர்கள்தானே நாம்!

அலுமினா விற்கும் ஆலைக்குக் காலியம் சில்லறைக் காசு, தானாக இறங்காது. அதனால் கேட்கிறேன்: ஒவ்வொரு ஆலையும் தன் கரைசலில் எவ்வளவு காலியம் இருக்கிறது என்று ஆண்டுதோறும் வெளியிடட்டும், உற்பத்தியைப் பெருக்க வருகிறவர்களிடம் பிரிப்புக் கலனையும் சேர்த்துக் கட்டச் சொல்லுங்கள், முதல் சில ஆண்டுகளுக்கு ஒரு அடிப்படை விலையில் அரசே வாங்கிக்கொள்ளட்டும். முக்கியக் கனிமங்களின் மறுசுழற்சிக்கு 1,500 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறீர்கள், மகிழ்ச்சி. ஒடிசாவின் தாமன்ஜோடி அலுமினா ஆலையில் தினமும் சுற்றிக்கொண்டிருக்கும் கரைசலுக்கும் அதில் இடம் உண்டா என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள்.