பொன்னாடையைக் குறைத்து ஓர் அளவீட்டு மேசை போடுங்கள்

தமிழ்நாட்டு ஹாம் ரேடியோ (பொழுதுபோக்கு வானொலி) சங்க நிர்வாகிகளுக்கும் பொறியியல் கல்லூரிகளின் ஈ.சி.ஈ. (மின்னணு, தொடர்பியல்) துறைத் தலைவர்களுக்கும் வணக்கம்.

நம் கூட்டங்களில் குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடை எல்லாம் முடிவதற்குள் சாப்பாட்டு நேரம் வந்துவிடுகிறது. பிறகு யாராவது ஸ்லைடு போட்டுப் பேசுவார்கள். எச்.எஃப். எனும் குறைந்த அதிர்வெண்களில் பேசும் ஆட்களுக்கு அது போதும். கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்களான மைக்ரோவேவில் கை வைத்தவர்களுக்குத் தேவை பேச்சல்ல, அளந்து பார்க்கக் கருவி.

கத்தாரின் எஸ்ஹெயில்-2 செயற்கைக்கோளில் ஹாம்களுக்கென்றே இரண்டு டிரான்ஸ்பாண்டர்கள் (பூமியிலிருந்து வரும் சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் கருவிகள்) 2019 முதல் இயங்குகின்றன. கியூ.ஓ.-100 என்போம். சென்னையிலிருந்து மேற்கே, சுமார் 27 டிகிரி உயரத்தில் இருக்கிறது. மொட்டைமாடியில் சும்மா கிடக்கும் டி.டி.எச். டிஷ்ஷில் யுனிவர்சல் எல்.என்.பி. (டிஷ்ஷின் முன்னால் சிக்னலை வாங்கும் பகுதி) மாட்டித் திருப்பினால், 10,489 மெகாஹெர்ட்ஸை ஒட்டி ஐரோப்பாவும் ஆப்பிரிக்காவும் பேசுவதைக் கேட்கலாம். சிக்கல் அதற்குப் பிறகுதான். பல எல்.என்.பி.களில் உள்ள 25 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலை 390 மடங்கு பெருக்கித்தான் 9,750 மெகாஹெர்ட்ஸ் வருகிறது; வரும் சிக்னலிலிருந்து அதைக் கழித்துத்தான் நாம் கேட்கும் அதிர்வெண் கிடைக்கிறது. வெயிலில் கிரிஸ்டல் வெறும் 100 ஹெர்ட்ஸ் நகர்ந்தால், கேட்கும் இடம் 39 கிலோஹெர்ட்ஸ் தள்ளிப் போகும். எஸ்.எஸ்.பி. முறையில் அனுப்பும் குரலின் அகலமோ மூன்று கிலோஹெர்ட்ஸ்கூட இல்லை! ஜி.பி.எஸ்.ஸோடு பூட்டிய ஒரு 10 மெகாஹெர்ட்ஸ் ரெஃபரன்ஸ் (ஒப்பிட்டுப் பார்க்கத் துல்லியமான அலை) மேசையில் இருந்தால், தவறு கிரிஸ்டலிலா கனெக்டரிலா என்று அன்றே தெரிந்துவிடும்.

இங்கிலாந்தில் மைக்ரோவேவ் ஹாம்கள் இதற்காகவே 'ரவுண்டு டேபிள்' கூடுகிறார்கள். ஆளாளுக்குப் பெட்டியைத் தூக்கிவந்து நாய்ஸ் ஃபிகரும் (ரிசீவர் தானே சேர்க்கும் இரைச்சலின் அளவு) பவரும் அளந்துகொண்டு போகிறார்கள். அமெரிக்காவில் சென்ட்ரல் ஸ்டேட்ஸ் வி.எச்.எஃப். சொசைட்டி மாநாட்டில் ஆன்டெனா கெயினையும் (சிக்னலை ஒரு திசையில் குவிக்கும் திறன்) அளந்து தருகிறார்கள்.

நமக்கு அவ்வளவு கருவி ஏது என்பீர்கள். கல்லூரி மைக்ரோவேவ் லேபைத் திறந்து பாருங்கள். மைக்ரோவேவை உண்டாக்கும் கிளைஸ்ட்ரான் அல்லது கன் டையோடு பெஞ்ச், அட்டனுவேட்டர், ஃப்ரீக்வென்சி மீட்டர், ஸ்லாட்டட் லைன். அவற்றை இணைக்கும் வேவ்கைடு (அலை ஓடும் உலோகக் குழாய்) 8.2 முதல் 12.4 கிகாஹெர்ட்ஸ் வரைக்கானது. நம் 10 கிகாஹெர்ட்ஸ் பேண்டு அதன் நடுவில்தான் உட்கார்ந்திருக்கிறது. மாணவர்கள் வருடா வருடம் அதே கிளைஸ்ட்ரான் கிராஃபை ரெக்கார்டு நோட்டில் வரைந்துவிட்டுப் போகிறார்கள். பாவம், அந்த பெஞ்சும்தான். நாய்ஸ் அளக்க அது போதாது, உண்மை. அதற்கு எல்.என்.பி.யை ஒருமுறை வெறும் வானத்துக்கும் ஒருமுறை தரைக்கும் திருப்பி, வித்தியாசத்தைப் பார்த்தாலே நல்ல மதிப்பீடு கிடைக்கும். கல்லூரி மைதானம் போதும்.

சங்கங்களிடம் கேட்பது ஒன்றே: அடுத்த கூட்டத்தில் ஓர் அறையை நாள் முழுக்க அளவீட்டுக்கே ஒதுக்குங்கள். மேடை அலங்காரச் செலவில் நல்ல கேபிளும் எஸ்.எம்.ஏ. அடாப்டர்களும் வாங்கலாம். கண்ட கேபிளைப் போட்டால் 10 கிகாஹெர்ட்ஸில் பாதிச் சக்தி வழியிலேயே காணாமல் போய்விடும்.

துறைத் தலைவர்களே, செமஸ்டர் தேர்வு முடிந்து லேப் பூட்டிக் கிடக்கும் ஒரு சனிக்கிழமை தாருங்கள். ஆர்வமுள்ள மாணவர்களும் வரட்டும். அலையை வெளியே விடாமல், வேவ்கைடுக்குள்ளும், சக்தியை வெப்பமாக்கி விழுங்கும் டம்மி லோடிலும் மட்டுமே வேலை செய்வோம். லேப் டெக்னீஷியனை மட்டும் அன்று தவறாமல் வரச் சொல்லுங்கள். எந்த பெஞ்சில் எந்த டையோடு போயிருக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும்.

73 (ஹாம்களின் வாழ்த்து),
மொட்டைமாடியில் டிஷ் வைத்திருக்கும் ஒரு ஹாம்