அந்த மன்னிப்புக் கடிதத்தைப் பற்றி

சாலிகிராமம்,
ஞாயிறு இரவு

அன்புள்ள அம்முவுக்கு,

அம்மா எழுதுவது. போனில் பேசினால் நீ நடுவில் பேசுவாய், எனக்குக் குரல் கம்மிவிடும், விஷயம் பாதியில் நின்றுவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

உன் படம் பற்றிய கூட்டத்தில் எதிர்த்துப் பேசியதற்கு வருந்துகிறேன் என்று நீ எழுதிக் கொடுத்தால் உன்னை நடிக்க வைத்துக்கொள்வார்கள், டைரக்‌ஷனை மட்டும் வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள் என்றாய். "எழுதிக் கொடுத்துடட்டுமாம்மா?" என்று கேட்டபோது உன் குரல் எப்படி இருந்தது என்று எனக்குத்தான் தெரியும். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். மூன்று நாளாக யோசித்தேன். யோசிக்க யோசிக்க நடிகை பானுமதி அம்மாதான் நினைவுக்கு வந்தார்கள்.

உனக்கு எட்டு வயசு இருக்கும்போது உன் அப்பா தினசரி காலண்டர் அட்டையைக் கிழித்து ஜன்னல் பாதியை மறைத்துக் காட்டியது ஞாபகம் இருக்கிறதா? டிவியில் 'சண்டிராணி' ஓடிக்கொண்டிருந்தது. "ஒரே ஆள் எப்படிப்பா ரெண்டு பேரா நிக்கறாங்க?" என்று நீ விடாமல் கேட்டாய். அடுப்படி ஜன்னல்தான் லென்ஸ். அட்டையால் இடது பாதியை மூடினார். வலது பாதியில் நடிப்பதை எடுத்து, ஃபிலிமைப் பின்னுக்குச் சுற்றி, அட்டையை மாற்றி வைத்து, அதே ஃபிலிமில் இடது பாதியை எடுக்க வேண்டும் என்றார். கேமரா மயிரளவு அசையக்கூடாது. எந்த இடத்தில் என்ன வசனம் வரும் என்று எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். அங்கே யாரும் இல்லாமலே அங்கே பார்த்துப் பேச வேண்டும். நீ அந்த அட்டையை வாங்கிக்கொண்டு ராத்திரி வரைக்கும் வீடு முழுக்க அலைந்தாய். நீ சினிமாவுக்குப் போனது அன்றைக்கே என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அப்பா அன்றைக்கு ஒரு கணக்கும் சொன்னார். 'சண்டிராணி' 1953-ல் தமிழ், தெலுங்கு, இந்தி என்று மூன்று மொழியில் வந்த படம். பானுமதிக்கு இரட்டை வேடம், கதாநாயகன் என்.டி. ராமராவ், டைரக்‌ஷன் பானுமதியே. அப்படியென்றால் இரண்டு பேரும் சேர்ந்து வருகிற ஒரு ஷாட்டுக்கு அந்தம்மா ஆறு தடவை நின்றிருக்க வேண்டும். அதையும் நடித்து முடித்துவிட்டு வந்து, சரியாக வந்ததா என்று அவரேதான் தீர்மானிக்க வேண்டும். அப்போது அவருக்கு முப்பதுகூட ஆகவில்லை. தெலுங்கில் படம் இயக்கிய முதல் பெண் அவர்தான். தமிழில் அதற்கு முன்பே 1936-ல் டி.பி. ராஜலட்சுமி 'மிஸ் கமலா' எடுத்துவிட்டார். உன்னிடம் "லேடீஸுக்கு டைரக்‌ஷன் செட் ஆகாது" என்றாரே அந்த ஆள், அவர் பிறப்பதற்கு முன்பே முடிந்துபோன சங்கதி இது.

பானுமதி ஆந்திராவில் ஓங்கோல் பக்கம் தொட்டவரம் என்ற ஊர்ப் பெண். சங்கீதம் அப்பாவிடம் கற்றது. 1939-ல் 'வர விக்ரயம்' படத்தில் நடிக்க அனுப்பும்போது, ஆண் நடிகர் யாரும் மகளைத் தொட்டு நடிக்கக் கூடாது என்று நிபந்தனை போட்டுத்தான் அந்த மனிதர் அனுப்பினாராம். அப்புறம் 'கிருஷ்ண பிரேமா' எடுத்தபோது அங்கே உதவி இயக்குநராக இருந்த ராமகிருஷ்ணாவை விரும்பி, வீட்டில் சம்மதிக்காவிட்டாலும் 1943-ல் கல்யாணம் செய்துகொண்டார். கல்யாணத்தோடு நடிப்பு போதும் என்றுதான் இருந்தார். டைரக்டர் பி.என். ரெட்டி தேடி வந்து கூப்பிட்டு, 1945-ல் 'ஸ்வர்க்க சீமா'வில் நடித்தார். அதற்கப்புறம் நிற்கவே இல்லை. கணவனும் மனைவியுமாகப் படக் கம்பெனி ஆரம்பித்தார்கள். மகன் பெயரில் பரணி ஸ்டுடியோ, இதே சாலிகிராமத்தில். உன் அப்பா வேலைக்குப் போகும்போது அந்தப் பக்கமாகத்தான் சைக்கிள் மிதித்துப் போவார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். 'மிஸ்ஸியம்மா'வின் தெலுங்குப் படம் 'மிஸ்ஸம்மா'வில் முதலில் நடித்தது சாவித்திரி இல்லை, பானுமதி. நான்கு ரீல் எடுத்தாகிவிட்டது. வரலட்சுமி நோன்பு அன்று பூஜை முடித்துவிட்டு ஷூட்டிங்குக்குத் தாமதமாகப் போனார். தயாரிப்பாளர் சக்கரபாணிக்குக் கோபம், மன்னிப்புக் கடிதம் எழுதித் தரச் சொன்னார். அந்தம்மா எழுதித் தரவில்லை. எடுத்த நான்கு ரீலும் போயிற்று, வேஷம் சாவித்திரிக்குப் போயிற்று, சாவித்திரி செய்ய வேண்டிய வேஷம் ஜமுனாவுக்குப் போயிற்று. படம் எப்படி ஓடியது என்று உனக்கே தெரியும். அப்படியொரு படத்தைக் கைவிட்டது சின்ன நஷ்டம் இல்லை. ஆனால் பின்னாளில் அதைப் பற்றிப் பேசும்போது, நான் விட்டதால் ஒரு நல்ல நடிகைக்கு இடம் கிடைத்ததே என்று சந்தோஷமாகத்தான் சொன்னார்.

எம்.ஜி.ஆரை எல்லாரும் பயபக்தியோடு கூப்பிட்ட காலத்தில் இவர் மட்டும் "மிஸ்டர் ராமச்சந்திரன்" என்பாராம். எம்.ஜி.ஆர். முதன்முதலாக இயக்கிய 'நாடோடி மன்னன்' படத்திலிருந்து நடுவிலேயே விலகிவிட்டார். கதையில் அந்தப் பாத்திரம் செத்துப்போவதாக வைத்துத்தான் மேற்கொண்டு எடுத்தார்கள். அதே எம்.ஜி.ஆர். ஆட்சியில்தான் சென்னை அரசு இசைக் கல்லூரிக்கு முதல்வராக உட்கார்ந்தார். முறைத்துக்கொண்டால் எல்லாக் கதவும் மூடிவிடும் என்று பயந்து சொன்னாயே, அதற்காக இதை எழுதுகிறேன்.

ஆனால் இவரை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தினால் நான் உனக்குப் பாதிதான் சொன்னதாக ஆகும். சாவித்திரியும் படம் இயக்கினார். 1968-ல் 'சின்னாரி பாபலு', முக்கியமான வேலைகளில் எல்லாம் பெண்களையே வைத்து எடுத்த படம். நினைத்தாலே மனசு நிறைகிறது. ஆனால் ஓடவில்லை. 1971-ல் சிவாஜியை வைத்துச் சொந்தமாக எடுத்த 'பிராப்தம்' அதைவிட மோசம். கடன், வருமான வரி என்று ஒன்றன்மேல் ஒன்றாக வந்து, கடைசியில் மாதக்கணக்கில் நினைவில்லாமல் கிடந்து 1981 டிசம்பரில் போனார். திறமை குறைவா அவருக்கு? பானுமதியின் பக்கத்தில் படத்தொழில் தெரிந்த கணவர் இருந்தார், ஸ்டுடியோ இருந்தது. சாவித்திரிக்குக் கணக்கு பார்த்துச் சொல்லப் பக்கத்தில் ஆள் இல்லை. முப்பது வருஷம் பேங்கில் உட்கார்ந்தவள் நான், எனக்கு அதுதான் கண்ணில் படுகிறது.

சரி, என் பதில் இதுதான். எழுதிக் கொடுக்காதே. நீ அன்றைக்குச் சொன்னதை இரண்டு தடவை என்னிடம் திருப்பிச் சொன்னாய். ஒரு மரியாதைக் குறைவான வார்த்தைகூட அதில் இல்லை. உன் கதை, நீ ஒன்றரை வருஷம் எழுதியது, அதை நான்தான் இயக்குவேன் என்றாய். அதில் வருந்த என்ன இருக்கிறது? தாமதமாகப் போயிருந்தால், யாரையாவது திட்டியிருந்தால், நானே எழுதச் சொல்லியிருப்பேன்.

போன வருஷம் கையெழுத்துப் போட்டாயே ஒரு ஒப்பந்தம், அதன் எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. கதை உரிமை பற்றி எந்த வரியில் என்ன இருக்கிறது என்று நான் படிக்க வேண்டும். படிக்காமல் இனிமேல் எதிலும் கையெழுத்துப் போடாதே.

பணம் பற்றி. இந்த வீட்டுப் பத்திரத்தில் கை வைக்க மாட்டேன், உன் படத்துக்காகவும் மாட்டேன். நீயும் கேட்கக் கூடாது. ஆனால் உன் ரூம் வாடகையை ஆறு மாசத்துக்கு என் பென்ஷனிலிருந்து அனுப்புகிறேன், அடுத்த வாரத்திலிருந்தே. அதற்குள் வேறு இடம் பார். கிடைக்கவில்லையென்றால் ஏழாவது மாசம் உட்கார்ந்து பேசலாம்.

வெள்ளிக்கிழமை சார்மினார் எக்ஸ்பிரஸில் வருகிறேன். ஸ்டேஷனுக்கு வந்துவிடு, பை கனமாக இருக்கும். புளிக்காய்ச்சல், எள்ளுப்பொடி எடுத்துக்கொண்டு வருகிறேன். அப்பாவின் டிரங்குப் பெட்டியைக் குடைந்ததில் அவர் உபயோகித்த லைட் மீட்டர் கிடைத்தது, முள் இன்னும் ஆடுகிறது. அதையும் கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
அம்மா